நாற்பத்தேழாம் எண் நிலத்தில் ஒருவரும் இல்லை

மலாக்கி கில்ஃபாயில் என்பவருக்கு, அவருடைய சொந்த வீட்டு முகவரிக்கு, யெராபின் வட்டார நில வாரியம் அனுப்பியிருந்த கடிதம், அவர் அந்த வீட்டில் ஏன் இல்லை என்று அவரையே மிகுந்த மரியாதையுடன் கேட்டிருந்தது. இருபத்தொரு நாட்களுக்குள் அவர் நேரில் வந்து, தாம் அங்கு வசிக்காமைக்கான காரணத்தைத் தெரிவிக்காவிட்டால், நாற்பத்தேழாம் எண் கொண்ட முந்நூற்றிருபது ஏக்கர் நிலம் அவரிடமிருந்து மீட்டுக்கொள்ளப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. மேலுறையில், 'பெறுநர் மட்டுமே பிரிக்க வேண்டும்' என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடுகளும் இழுத்திருந்தார்கள். வாரியத்தின் கவனம் அத்தகையது.

பெறுநர் அப்போது எண்ணூறு மைலுக்கு அப்பால், குயின்ஸ்லாந்தில், வேறொருவருடைய மாட்டு மந்தையின் பின்னால் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். அவர் கிளம்பிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ஆகவே கடிதத்தைப் பிரித்தவள் அவருடைய மனைவி ஹனோரா. ரொட்டி அறுக்கும் கத்தியால் பிரித்தாள். பிரித்த பிறகு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். பார்ப்பதற்கு அங்கே நாயைத் தவிர ஒருவரும் இல்லை. அடுத்த வீடு ஆறு மைல்.

அரசாங்கம் விதித்திருந்த நிபந்தனை எளிமையானது. நிலம் எடுத்தவர் ஐந்தாண்டுகள் அதில் தொடர்ந்து வசிக்க வேண்டும். மரங்களை வெட்டி, வேலி போட்டு, பயிரிட வேண்டும். ஐந்தாண்டு நிறைந்தால் நிலம் அவருடையது. அது நிறைவதற்கு இன்னும் பத்து மாதங்களே இருந்தன. இந்த நான்கு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் ஹனோரா அந்த நிலத்தைவிட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. தங்குவதற்கு அவளுக்கு வேறு இடமும் இல்லை.

கடிதத்துடன், ஆய்வாளர் கிரிம்ஸ்டன் அவர்களின் அறிக்கையின் பிரதி ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. 'மார்ச் ஒன்பதாம் நாள் மேற்படி நிலத்தை நேரில் பார்வையிட்டேன். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. வீட்டில் ஒருவரும் இல்லை. தேநீர் நன்றாக இருந்தது.'

ஹனோராவுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. ஆய்வாளர் குதிரையைவிட்டு இறங்காமலே, "வீட்ல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்கேன் ஐயா, வாங்க," என்றாள் அவள்.

"அது சரிம்மா. வீட்ல யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டேன்."

அவருக்குக் காது மந்தம் என்று எண்ணிக்கொண்டு அவள் குரலை உயர்த்தினாள். "நான்தான் இருக்கேன்!"

"அப்ப யாரும் இல்லைங்கிறீங்க," என்று அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு இறங்கி வந்து மூன்று குவளைத் தேநீரும், பழப்பாகு தடவிய நான்கு துண்டு ரொட்டியும் உட்கொண்டார். அவருடைய கோட்டில் அறுந்து தொங்கிய பொத்தானைத் தைத்துக் கொடுத்தவளும் ஹனோராதான். தைக்கும்போது அவர், இவ்வளவு தனிமையான இடத்தை இத்தனை நேர்த்தியாக வைத்துக்கொள்வது கடினம் என்று மனமாரப் புகழ்ந்தார். யாரைப் புகழ்ந்தார் என்பது அறிக்கையில் இல்லை.

விசாரணை நாளன்று அவளை யெராபினுக்கு வண்டியில் அழைத்துப் போனவள் ஹெஸ்டர் பாஸ்கோ. ஆறு மைல் தள்ளி இருக்கும் விதவை, தன் பெயரிலேயே நிலம் வைத்திருப்பவள், புகைக்குழாய் பிடிப்பவள். முப்பது மைல் வழியில் முதல் பத்து மைல் வரை குழாய் அவள் வாயிலேயே இருந்தது. பிறகு குழாயை வாயிலிருந்து எடுத்தாள்.

"உன் புருஷன் உசுரோடதான் இருக்கானா கண்ணு?"

"இருக்காரு மிஸஸ் பாஸ்கோ. பிப்ரவரில லெட்டர் போட்டாரு. வேலியைப் பாத்துக்கோன்னு எழுதியிருந்தாரு."

"அதான் வம்பே. செத்திருந்தா உனக்கு ஒரு தொல்லையும் இல்ல."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க."

"நானா சொல்றேன்? சட்டம் சொல்லுது. விதவைன்னா நிலம் வச்சுக்கலாம். கல்யாணம் ஆகாதவளும் வச்சுக்கலாம். புருஷன் இருக்கிறவதான் ஆகாது. நான் அந்த எடத்துக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. வாரியத்து நோட்டுல நான் குடி வந்தது எந்த நாள் தெரியுமா? எம் புருஷன் மரம் விழுந்து செத்தானே, அந்தச் செவ்வாக்கிழமை. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் நான் எங்கதான் இருந்தேன்னு போய்க் கேட்டேன். பதிவுல இல்லைன்னுட்டாங்க."

ஹனோரா சிரிக்கவில்லை. வாரியத்தில் படித்தவர்கள் இருப்பார்கள், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள். அதற்காகவே தன் ஒரே நல்ல உடையை அணிந்து வந்திருந்தாள்.

மகாராணியார் அரியணை ஏறி ஐம்பது ஆண்டுகள் நிறைந்த வருடம் அது. வாரிய மண்டபத்தில் காகிதக் கொடிகள் கட்டி, சுவரில் மகாராணியாரின் பெரிய படத்தை மாட்டியிருந்தார்கள். அதன் கீழே அமர்ந்திருந்த வாரியத் தலைவர் ஒக்டேவியஸ் பென்ஹாலோ, நற்பண்புகளுக்குப் பேர்பெற்றவர். பெண் ஒருத்தி உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். அவள் அமரும்வரை நின்றுகொண்டே இருப்பார். அமர்ந்த பிறகு அவளைப் பார்க்கமாட்டார்.

"மலாக்கி கில்ஃபாயில்!" என்று எழுத்தர் மூன்று முறை கூவினார்.

ஹனோரா எழுந்தாள். "அவரு வரலீங்க ஐயா. நான் வந்திருக்கேன்."

"யாரும் ஆஜராகலைன்னு எழுதிக்கோங்க," என்றார் தலைவர். பிறகு அவளை நோக்கி, மிகவும் கனிவாக, "உக்காருங்க மிஸஸ் கில்ஃபாயில். ரொம்ப தூரம் வந்திருக்கீங்க," என்றார்.

"ஐயா, அந்த நிலத்துல யாரும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. நான் இருக்கேங்க. நாலு வருஷமா இருக்கேன்."

"அதை யாரும் மறுக்கலையேம்மா."

"அப்ப என்னைக் கணக்குல எடுத்துக்கக் கூடாதுங்களா?"

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் மனம் நெகிழ்ந்துவிட்டது என்பதை மண்டபத்தில் இருந்த அனைவரும் கண்டார்கள்.

"இந்த வாரியத்துக்குப் பெண்கள் மேல இருக்கிற மரியாதை வேற யார் மேலயும் கிடையாதும்மா. நாங்க ஆம்பளைங்களை எண்ணுறோம். ஆடுகளை எண்ணுறோம். வேலிக் கம்பங்களை எண்ணுறோம். ஒரு குடும்பப் பெண்ணைக் கொண்டுபோய் அந்த வரிசைல நிறுத்த எனக்கு மனசு வராது. எங்க வீட்லயும் ஒரு பெண் இருக்காங்க. இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட நான் அவங்களைக் கணக்குல எடுத்ததில்லை."

மண்டபத்தில் சிலர் கைதட்டினார்கள். தலைவர் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டு, கோப்பைப் புரட்டினார்.

"வேலி போட்டிருக்குன்னு இருக்கே. யார் போட்டது?"

"நானுங்க."

"எவ்வளவு?"

"ஒன்றரை மைலுங்க."

"எழுதிக்கோங்க. மலாக்கி கில்ஃபாயில் ஒன்றரை மைல் வேலி போட்டிருக்கார். பாராட்டுக்குரியது."

"அவரு போடலீங்க. மரம் அறுத்தது நான், குழி தோண்டினது நான், கம்பி இழுத்துக் கட்டினது நான்."

"மனைவியோட கை புருஷனோட கைதானம்மா. சட்டம் அப்படித்தான் பாக்குது."

ஹனோரா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். இடது உள்ளங்கையில் கம்பி கிழித்த தழும்பு ஒன்று குறுக்காக ஓடியது. அது குயின்ஸ்லாந்தில் இருப்பவருக்கு வலித்திருக்க வேண்டும் என்பது அவளுக்கு இதுவரை தோன்றாத செய்தி.

"கை மட்டும்தாங்களா? காலு?"

"காலும்தான்."

"தலை?"

"தலை முக்கியமா அவரோடது."

"அப்ப முழுசா நான் அவருதானா ஐயா?"

"திருமணத்தோட அழகே அதுதானேம்மா!" என்று தலைவர் மலர்ந்தார். "சட்டத்தோட கண்ணுல நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள்."

"ரொம்ப நல்லதுங்க," என்றாள் ஹனோரா. அவள் குறும்பாகச் சொல்லவில்லை. விஷயம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில்தான் சொன்னாள். "அந்த ஒரே ஆள் நாலு வருஷமா ராத்திரி பகலா அங்கதாங்க இருக்காரு. சந்தேகம்னா இன்னிக்கு வண்டியில வந்திருக்காரு. இதோ நிக்கிறாரு, பாத்துக்கோங்க."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து தடித்த சட்டநூல் ஒன்றை வரவழைத்து, இருபது நிமிடம் படித்தார். அதற்குள் அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் வந்து போயிற்று. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே ஆள்தான். அதுல வாரியத்துக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனா அந்த ஆள் இப்ப குயின்ஸ்லாந்துல இருக்கார்."

"அப்ப நானு?"

"நீங்களும் அங்கதான் இருக்கீங்க. சட்டப்படி." தலைவர் அன்பாகச் சேர்த்துக்கொண்டார்: "எப்ப திரும்பி வந்தாலும் வாரியம் உங்களைப் பாக்கத் தயாரா இருக்கும்."

அப்போது பின்வரிசையிலிருந்து ஹெஸ்டர் பாஸ்கோவின் குரல் எழுந்தது. "ஏங்க, அந்தப் படத்துல இருக்காங்களே, அந்தம்மா மட்டும் எப்படிக் கணக்குல வந்தாங்க?"

"அது மகாராணியார்!" என்றார் எழுத்தர், நடுங்கிப்போய்.

"தெரியுதுய்யா. புருஷன் தவறிட்டாரில்ல. அதான் வந்துட்டாங்க."

அவளை வெளியேற்றும்படி உத்தரவாயிற்று. கான்ஸ்டபிள் டூலி அவளை முழங்கையைப் பிடித்து மரியாதையாக வெளியே கொண்டுபோய், கொஞ்சம் புகையிலை இருக்குமா என்று கேட்டான்.

வாரியத்தைக் கல்நெஞ்சம் படைத்ததாக யாரும் எண்ணிவிடலாகாது. நிலத்தை உடனே மீட்க விரும்பாமல், மலாக்கி கில்ஃபாயில் அங்கு வசிப்பதற்கான தடயம் ஏதேனும் கிடைக்காதா என்று தேடிப் பார்க்க, தலைவரே நேரில் வருவதாக முடிவாயிற்று.

அடுத்த வியாழக்கிழமை தலைவரும் ஆய்வாளர் கிரிம்ஸ்டனும் வந்து சேர்ந்தார்கள். 'ஆணின் இருப்புக்கான அடையாளங்கள்' என்று தலைப்பிட்ட அச்சுப் படிவம் ஒன்றை ஆய்வாளர் பலகையில் வைத்துப் பிடித்திருந்தார். ஹனோரா ஆட்டிறைச்சி சமைத்து, மேசைமீது துணி விரித்திருந்தாள்.

"அதோ!" என்றார் ஆய்வாளர்.

கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஓர் ஆணின் தொப்பி தொங்கியது. அதன் கீழே ஒரு ஜோடி பழைய பூட்ஸ். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேலை தேடி நடந்து போகிற ஆண்கள் தண்ணீர் கேட்டு வரும்போது, உள்ளே ஓர் ஆள் இருப்பதாக எண்ணிக்கொள்ளட்டும் என்பதற்காக, தனித்திருக்கும் பெண்கள் அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்து வைப்பதுதான். வாரத்துக்கொருமுறை பூட்ஸின் இடத்தை மாற்றி வைப்பாள் ஹனோரா. மழை பெய்தால் சேறும் பூசி வைப்பாள்.

அவள் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், தலைவர் அந்தத் தொப்பியின் முன் நின்று, தம் தொப்பியைக் கழற்றினார்.

"வணக்கத்துக்குரிய அடையாளம்," என்றார். "எவ்வளவு போடலாம்?"

"கால் ஆள் போடலாம் சார். பூட்ஸுக்கும் கால்."

"பூட்ஸ்ல சேறு இருக்கே. ஆள் நடமாட்டம் இருந்திருக்கு. தாராளமா போடுங்க."

நாய் வந்து தலைவரின் காலை முகர்ந்தது.

"இது ஆணா பெண்ணாம்மா?"

"ஆணுங்க."

"இதுக்கு அதுல பாதி, அரைக்கால்," என்றார் தலைவர், அதன் தலையைத் தடவி.

ஆய்வாளர் கூட்டிப் பார்த்தார். முழு ஆளாவதற்கு இன்னும் காலே அரைக்கால் குறைவாக இருந்தது. சவரக்கத்தி இருக்கிறதா என்று கேட்டார்கள், மலாக்கி கொண்டுபோய்விட்டார். புகைக்குழாய் இருக்கிறதா என்று கேட்டார்கள், அதையும் கொண்டுபோய்விட்டார். தலைவரின் முகம் வாடியது. உண்மையிலேயே அவர் உதவத்தான் வந்திருந்தார்.

தேநீர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றிருந்த ஹனோரா கேட்டாள்: "நான் எவ்வளவுங்க?"

ஆய்வாளர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "நீங்க இதுல இல்லம்மா."

சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் வீட்டின் பின்புறம் சென்றார்கள். அங்கே, மஞ்சள் பூப்பூக்கும் வாட்டில் மரத்தடியில், முழ உயரத்தில் சின்னஞ்சிறு வேலி ஒன்று நான்கு பக்கமும் போடப்பட்டிருந்தது. ஒன்றரை மைல் வேலியைவிட அது ஒழுங்காக இருந்தது. கம்பங்கள் இழைத்து வழவழப்பாக்கப்பட்டிருந்தன.

"இது என்ன?" என்றார் தலைவர்.

"எம் பிள்ளை ஐயா. பதினோரு நாள் இருந்துச்சு."

இரு கனவான்களும் தலை குனிந்தார்கள். அந்தக் கணத்தில் அவர்கள் வருந்தினார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். பிறகு ஆய்வாளர் மெதுவாகத் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் நிமிர்ந்தார்.

"பிள்ளைன்னா... ஆணா?"

"ஆணுங்க."

"எப்ப?"

"ஜூன் வந்தா மூணு வருஷம் ஆகுதுங்க."

"அதுக்கப்புறம் இந்த எடத்தை விட்டு..." என்று தொடங்கிய தலைவர், தாமே நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் என்ன கேக்க வர்றேன்னா, இங்கேயேதான்?"

ஹனோரா குனிந்து, அந்தச் சிறு வேலிக்குள் கிடந்த சருகு ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள்.

தலைவர் கைகளைச் சேர்த்துத் தேய்த்தார். அவர் கண்கள் ஒளிர்ந்தன. "கிரிம்ஸ்டன், இதைவிட என்ன வேணும்? நிலம் எடுத்தவரோட சொந்த மகன். ஆண் வாரிசு. நிலத்துக்குள்ள வந்த நாள்லேர்ந்து ஒரு நாள்கூட வெளிய போனதில்லை. இவ்வளவு ஒழுங்கா வசிக்கிற ஒருத்தரை இந்த வட்டாரத்துலயே நான் பாத்ததில்லை!"

"முழு ஆளாவே போடலாம் சார்."

"போடுங்க. மிஸஸ் கில்ஃபாயில், உங்க நிலம் தப்பிச்சுது! இங்க ஒரு கையெழுத்து மட்டும். 'என் மகன் இந்நிலத்தில் தொடர்ந்து வசித்து வருகிறான்'னு. தாயோட கையெழுத்தை வாரியம் சாதாரணமா ஏத்துக்காது. இந்த ஒரு விஷயத்துல ஏத்துக்கும்."

ஆய்வாளர் பேனாவை மையில் தோய்த்து நீட்டினார். ஹனோரா அதை வாங்கினாள். காகிதத்தைப் பார்த்தாள். அவள் மெதுவாகப் படிப்பவள். ஒவ்வொரு சொல்லாக இறுதிவரை படித்தாள். கையெழுத்துப் போட்டால் நிலம் அவளைவிட்டுப் போகாது. போடாவிட்டால் இந்த வாட்டில் மரமும் சேர்த்துப் போய்விடும். இரண்டும் அவளுக்கு நன்றாகவே விளங்கின.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவன் இங்க வசிக்கலீங்க," என்றாள். "அவன் செத்துப்போய்ட்டான்."

"அது ஒரு சம்பிரதாயம்தானம்மா..."

"பதினோரு நாள் தூக்கி வச்சிருந்தது நான். பெட்டி அடிச்சது நான். இந்தக் குழியைத் தோண்டினதும் நான்தான். அவரு அப்ப ஆட்டு மயிர் கத்திரிக்கப் போயிருந்தாரு. அன்னிக்கு இங்க யாரும் இல்லைங்கிறீங்க. சரி. ஆனா செத்த பிள்ளையை உசுரோட இருக்கான்னு எழுதுவீங்க, அவன் பக்கத்துல நிக்கிறவளை இல்லைன்னு எழுதுவீங்களா? அவன் பேரை உங்க நோட்டுல எழுதக் கூடாது. எழுதுறதா இருந்தா எம் பேரை எழுதுங்க."

"மிஸஸ் கில்ஃபாயில், நாங்க உங்களுக்கு உதவி செய்யத்தான்..."

"உதவி வேணாங்க. நான் இருக்கேன்னு எழுதுங்க. அது உதவி இல்ல, நெசம்."

பென்ஹாலோ அவர்கள் புண்பட்டுப் போனார். திரும்பும் வழியெல்லாம் அவர், பெண்களுக்கு நன்மை செய்ய முனைவோர் எத்தகைய நன்றியின்மையைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி ஆய்வாளரிடம் பேசிக்கொண்டே வந்தார் என்று தெரிகிறது. அடுத்த திங்களன்று நிலம் மீட்கப்பட்டது.

நிலத்தை மீட்பது என்றால் அதில் இருப்பவர்களை வெளியேற்ற வேண்டும் அல்லவா? அந்தப் பணிக்காக ஆய்வாளர் கிரிம்ஸ்டனும் கான்ஸ்டபிள் டூலியும் வந்தபோது, ஹனோரா உழவுக்கு நடுவில் இருந்தாள். கலப்பையை நிறுத்திவிட்டு வந்து, வீட்டு வாசலில் நின்றாள்.

விதிப்படி டூலி அறிவிப்பை மூன்று முறை உரக்கப் படித்தான். "இந்நிலத்தில் ஒருவரும் வசிக்கவில்லை என்று வாரியம் கண்டறிந்திருப்பதால், இந்நிலத்தில் வசிப்பவர் உடனடியாக வெளியேற வேண்டும்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க மிஸ்டர் டூலி," என்றாள் ஹனோரா. "நான் இல்லையா, இல்ல நான் போகணுமா? ரெண்டையும் ஒரே நாள்ல என்னால செய்ய முடியாது. உழவு பாதியில நிக்குது."

டூலி தலையைச் சொறிந்தான். "சார், இந்தக் காகிதத்துல ஒரு கோடு காலியா கிடக்கு. யாரை வெளியேத்துறோம்னு பேர் போடணும்."

"பேரெல்லாம் போட முடியாது," என்றார் ஆய்வாளர். "போட்டா அந்தப் பேர்ல ஒருத்தர் இங்க இருந்ததா ஆயிடும். வாரியத்தோட தீர்ப்பே தப்பாயிடும்."

"பேர் இல்லாம நான் ஒருத்தர் மேல கை வச்சா, நாளைக்கு என் மேல கேஸ் வரும் சார்."

"இங்கதான் ஒருத்தரும் இல்லையே!"

"அப்ப யார் மேல சார் கை வைக்கிறது?"

ஆய்வாளர் ஹனோராவைப் பார்த்தார். இத்தனை மாதங்களில் அவர் அவளை நேராகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று தோன்றுகிறது. ஏனென்றால் உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் பேனாவை எடுங்க ஐயா," என்றாள் அவள். அவள் குரல் உயரவில்லை. "எழுதுங்க. ஹனோரா கில்ஃபாயில். நாலு வருஷம் நாலு மாசமா இந்த எடத்துல வசிக்கிறவ. அவ்வளவுதான். எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா, இந்த நிமிஷமே வாசலைத் தாண்டி ரோட்டுல போய் நிக்கிறேன். மிஸ்டர் டூலி சாட்சி."

ஆய்வாளர் பேனாவை எடுத்தார். முனை காகிதத்தின் மேல் நின்றது. அங்கேயே நின்றதில் ஒரு பொட்டு மை விழுந்து பரவியது. அவர் எழுதினால் அவள் வசித்தாள் என்பதற்கு வாரியத்தின் சாட்சியமே கிடைத்துவிடும். வசித்தவளிடமிருந்து நிலத்தை மீட்க முடியாது. அவர் எழுதாவிட்டால் வெளியேற்ற ஆள் கிடையாது. படித்த மனிதராதலால் இரண்டு பக்கமும் அவருக்குத் தெரிந்தது.

"எழுதுங்க," என்றாள் ஹனோரா மறுபடி.

"சார்," என்றான் டூலி, தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஒருத்தரும் இல்ல. ஒருத்தரையும் வெளியேத்தியாச்சு. வேலை முடிஞ்சதுன்னு எழுதிடலாமா?"

வாரியத்தின் பதிவேட்டில் அந்த நாளுக்கு நேராக இன்றும் இவ்வாறு காணலாம்: 'நாற்பத்தேழாம் எண் நிலம். வெளியேற்றம் எவ்வித எதிர்ப்புமின்றி அமைதியாக நிறைவேறியது.'

ஹனோரா மீதி உழவை முடித்தாள். கோதுமை விதைத்தாள். மழை அந்த ஆண்டு தயவாகப் பெய்தது. ஒருவரும் இல்லாத நிலத்தில் விளைந்த கோதுமையை வாங்கிக்கொள்ள யெராபின் ஆலைக்காரர் சிறிதும் தயங்கவில்லை. மலாக்கியிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. வாரியம் சொல்கிறபடி நடந்துகொள் என்று எழுதியிருந்தார். வாரியம் அவள் அங்கே இல்லை என்று சொல்லியிருந்ததால், அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் அவளுக்கு ஏற்படவில்லை.

அறுவடை முடிந்த பின், 'நல்ல வேலியும் வீடும் உழுத மண்ணும் உடைய ஆளற்ற நிலம்' என்று வாரியம் விளம்பரம் செய்தது. விண்ணப்பித்துப் பெற்றவர் எஃப்ரேம் ஹாக் என்ற ஒருவர். இரண்டு குதிரை பூட்டிய வண்டியில் படுக்கை, அடுப்பு, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு முற்பகலில் வந்து சேர்ந்தார். அவருக்குப் பக்கத்தில், மடியில் ஒரு கடிகாரத்தை வைத்துப் பிடித்தபடி, ஒரு பெண் அமர்ந்திருந்தாள்.

சாலையோர வேலியில் சாய்ந்த கம்பம் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, ஹனோரா அங்கே புதிய குழி தோண்டிக்கொண்டிருந்தாள். வண்டி நின்றதைக் கண்டு நிமிர்ந்தாள். கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை.

"யாருங்க நீங்க?" என்றார் ஹாக். "இது என் நிலமாச்சே. இங்க ஒருத்தரும் இல்லைன்னு வாரியத்துல எழுதிக் கொடுத்திருக்காங்க." காகிதத்தை எடுத்து விரித்துக் காட்டினார். முத்திரை பெரியதாக இருந்தது.

"படிச்சேன். அப்படித்தான் எழுதியிருக்காங்க," என்றாள் ஹனோரா.

"அப்புறம்?"

"அதை நம்புறதா இருந்தா, வேலி வாசல்ல குறுக்கா போட்டிருக்கிற அந்த மரத்தைத் தூக்கிட்டு உள்ள வாங்க."

ஹாக் காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நேராக ஓடிய வேலியையும், கூரையின்மேல் எழுந்த புகையையும் பார்த்தார். எழுத்து வாசனை உள்ளவர்தான். எழுதியிருந்தது ஐயத்துக்கிடமின்றி இருந்தது. ஆனாலும் வண்டியிலிருந்து இறங்க அவருக்குக் கால் வரவில்லை.

"இத பாருங்கம்மா," என்றார் குழைந்து. "நான் சொத்தையெல்லாம் வித்துட்டு, தன்னந்தனியா அறுபது மைல் வந்திருக்கேன்."

"தன்னந்தனியாவா?" என்றாள் பக்கத்திலிருந்த பெண்.

அதுவரை அவள் வாய் திறந்திருக்கவில்லை. ஹாக் திரும்பினார்.

"இல்லடி, நான் ஒரு பேச்சுக்கு..."

அவள் மடியிலிருந்த கடிகாரத்தை அவர் மடியில் வைத்தாள். அவர் கையிலிருந்த கடிவாளத்தை வாங்கிக்கொண்டாள். குழியின் அருகே கடப்பாரையுடன் நிற்பவளை ஒரு கணம் நேராகப் பார்த்தாள், ஹனோராவும் பார்த்தாள்.

"இறங்குறதா இருந்தா இறங்கிக்கோங்க," என்றாள் கணவரிடம். "தன்னந்தனியா இருந்து பாருங்க. நான் வண்டியைத் திருப்புறேன்."

வண்டி திரும்பியது. ஹாக் இறங்கவில்லை. சக்கரங்கள் கிளப்பிய புழுதி அடங்கும்வரை ஹனோரா நின்றாள். பிறகு குனிந்து பார்த்தாள். கம்பம் ஆடாமல் நிற்க வேண்டுமென்றால் குழிக்கு இன்னும் ஒரு முழ ஆழம் வேண்டியிருந்தது.